மூழ்காத படகு கண்ட கோயில் குமாஸ்தா

கரையில் ஊரே திரண்டு நின்றது. கண் எதிரே ஒரு கப்பல் உடைந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர்களைக் காப்பாற்ற ஒருவராலும் முடியவில்லை.

இது நடந்தது 1789-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். இடம், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊர். டைன் என்ற ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது.

அந்தக் காலத்தில் லண்டன் மாநகரத்து அடுப்புகள் எரிந்ததே டைன் ஆற்றங்கரை நிலக்கரியால்தான். நாள் தவறாமல் நிலக்கரிக் கப்பல்கள் ஆற்றுக்குள் வரும், போகும். ஆனால் ஆற்றின் வாயிலே ஒரு ஆபத்து படுத்துக் கிடந்தது. அதன் பெயர் ஹெர்டு மணல்திட்டு. புயல் நேரத்தில் வழி தவறிய கப்பல் அந்தத் திட்டில் ஏறிவிட்டால், பிறகு அலைகள் அதைச் சும்மா விடா. அடித்து அடித்தே பலகை பலகையாகப் பிரித்துவிடும்.

அன்று அப்படி அகப்பட்டுக்கொண்ட கப்பலின் பெயர் "அட்வென்ச்சர்". மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொற்றிக்கொண்டார்கள். கடுங்குளிர். நனைந்த உடை. கை விறைக்க விறைக்க, ஒருவர் பின் ஒருவராகக் கீழே விழுந்தார்கள். விழுந்தவர்களை அலை கொண்டுபோயிற்று. கப்பல் கிடந்ததோ கரைக்கு மிக அருகில்.

சவுத் ஷீல்ட்ஸ் படகுக்காரர்கள் கோழைகள் அல்ல. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அவர்களிடம் இருந்தவை சாதாரணப் படகுகள். அந்த அலையில் இறங்கினால் ஒரே அலையில் நீர் நிரம்பும். அடுத்த அலையில் கவிழும். காப்பாற்றப் போகிறவனும் சாவான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே நின்றார்கள். பார்த்தார்கள்.

இரண்டு கினி பரிசு

அந்த ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் கூடிப் பேசுவதற்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் அதில் இருந்தார்கள். அட்வென்ச்சர் கப்பலுக்கு நேர்ந்த கதி அவர்களைத் தூங்கவிடவில்லை. ஒரு கமிட்டி அமைத்தார்கள். நிக்கலஸ் பேர்ல்ஸ் என்பவரும் மைக்கேல் ராக்வுட் என்பவரும் அதில் முக்கியமானவர்கள்.

கமிட்டி ஓர் அறிவிப்புச் செய்தது. கொந்தளிக்கும் கடலில், ஆழமில்லாத இடத்தில், அலை உடையும் இடத்தில் போகக்கூடிய படகு வேண்டும். அதில் 24 பேர் ஏற இடம் வேண்டும். அப்படிப்பட்ட படகின் மாதிரியைச் செய்துகொண்டு வருகிறவருக்கு 2 கினி பரிசு.

ஒரு கினி என்பது 21 ஷில்லிங்கு. நூறு உயிர்களின் விலைக்கு 2 கினி பெரிய தொகை அல்ல. ஆனாலும் பலர் மாதிரி செய்துகொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வில்லியம் வுட்ஹேவ்.

யார் இந்த வுட்ஹேவ்?

டைன் ஆற்றின் வடகரையில், நார்த் ஷீல்ட்ஸ் ஊரில், 1751-ம் ஆண்டில் பிறந்தவர் வுட்ஹேவ். எளிய குடும்பம். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு ஆற்றைக் கடந்து சவுத் ஷீல்ட்ஸுக்குக் குடிவந்தார். அங்கே செயிண்ட் ஹில்டா தேவாலயத்தில் குமாஸ்தா வேலையும் பார்த்தார். நல்ல குரல் அவருக்கு. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

இத்தனை வேலை பார்த்தும் கையில் காசு தங்கவில்லை. காரணம், அவருடைய மூளை. எதையாவது பிரிப்பார், எதையாவது பூட்டுவார், புதிதாக ஏதாவது செய்துபார்ப்பார். சம்பாதிப்பது எப்படி என்று மட்டும் யோசிக்க மாட்டார். ஊரார் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள் என்றும் சொன்னார்கள். வாய்த்துடுக்கும் உண்டு. பெரிய மனிதர் எதிரில் குனிந்து பேசத் தெரியாது. இந்தக் குணம்தான் பின்னால் அவருக்குக் கெடுதலாக வந்தது போலும்.

வாளித் தண்ணீரில் ஒரு மரத்துண்டு

படகைப் பற்றி அவர் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த நாட்களில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள்.

ஒரு கிணற்றடி வழியாக அவர் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண், நிறைந்த மரவாளியைத் தலையில் தூக்கிவிடச் சொன்னாள். வாளித் தண்ணீரின் மேல் ஒரு மரத்துண்டு மிதந்துகொண்டிருந்தது. உடைந்துபோன வட்டமான மரத்தட்டின் துண்டு அது. நம் ஊர்ப் பெண்கள் குடத்து நீர் தளும்பாமல் இருக்க இலையைக் கிள்ளிப் போடுவது போல, அந்த ஊரில் மரத்துண்டைப் போடுவார்கள்.

பேச்சோடு பேச்சாக வுட்ஹேவ் அந்தத் துண்டை விரலால் கவிழ்த்துவிட்டார். அது தானாகப் புரண்டு நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் கவிழ்த்தார். மறுபடியும் நிமிர்ந்தது. எத்தனை தடவை கவிழ்த்தாலும் அது குப்புறக் கிடக்கவே இல்லை!

வாளியைத் தூக்கிவிட்டாரோ இல்லையோ, விடை கிடைத்துவிட்டது.

அந்தத் துண்டின் வடிவம் எப்படி இருந்திருக்கும்? ஒரு பூசணிக் கீற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாழ்ந்து, இரண்டு முனைகளும் மேலே தூக்கி நிற்கும். அதைத் தண்ணீரில் குப்புறப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு முனைகள் மட்டும் நீரில் ஊன்றும். கனமான நடுப்பாகம் உயரே நிற்கும். அப்படி நெடுநேரம் நிற்க முடியுமா? முடியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கனமான பாகம் கீழே வந்துவிடும். கொலுவில் வைக்கும் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிவிட்டால் எழுந்து உட்காருவதும் இதே கனத்தின் வேலைதான்.

தகரப் படகு

வுட்ஹேவ் தகரத்தை வெட்டி, வளைத்து, பற்றவைத்து ஒரு சின்னப் படகு செய்தார். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் அதற்குள் மூன்று பெரிய யோசனைகள் அடங்கியிருந்தன.

முதலாவது, தக்கை. படகின் நடுப்பகுதியில் தக்கையை அடைத்தார். சாதாரணப் படகு மிதப்பது அதன் வெற்றிடத்தால்தான். அடியில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் நீர் புகும். நீர் புகுந்தால் படகு போயிற்று. ஆனால் தக்கை இருக்கும் இடத்தில் நீர் எப்படிப் புகும்? படகின் பலகை நொறுங்கினாலும், ஓரம் வரை நீர் நிரம்பினாலும், தக்கை தன் இடத்தை நீருக்கு விட்டுக்கொடுக்காது. தக்கையின் எடை அதே அளவு தண்ணீரின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். 350 கிலோ தக்கையைப் படகில் கட்டினால், அது தன்னைத் தாங்கிக்கொண்டு, மேற்கொண்டு சுமார் 1,000 கிலோ பாரத்தையும் தாங்கும்.

இரண்டாவது, காற்றுப்பெட்டி. படகின் இரண்டு முனைகளையும் உயர்த்தி, அவற்றுக்குள் நீர் புகாத பெட்டிகளை வைத்து மூடினார். ஒரு முனை அடிபட்டாலும் மறு முனை மிதக்கும். நடுவில் தக்கை வேறு இருக்கிறது.

மூன்றாவதுதான் அதிசயம். கிணற்றடியில் கற்ற பாடம் அது. உயர்ந்த முனைகளில் காற்று, அடியில் கனம் என்று அமைந்ததால், படகைக் குப்புறக் கவிழ்த்தாலும் அது தானே புரண்டு நிமிர்ந்தது.

தகரப் படகைக் கையில் எடுத்துக்கொண்டு கமிட்டியின் முன் போனார் வுட்ஹேவ்.

கமிட்டியின் தீர்ப்பு

இந்தப் படகில் அப்படி என்ன விசேஷம் என்று ராக்வுட் கேட்டார். வுட்ஹேவ் பளிச்சென்று பதில் சொன்னார். தம் படகு மூழ்காது, உடைந்து சிதறாது, குப்புறக் கிடக்காது என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

அதே போட்டிக்கு இன்னொருவரும் வந்திருந்தார். அவர் பெயர் ஹென்றி கிரேட்ஹெட். அதே ஊரில் படகு கட்டும் தொழில் நடத்தியவர். கடலில் வேலை பார்த்தவர். கப்பல் உடைந்து தவித்த அனுபவமும் உடையவர். ஆனால் அவர் கொண்டுவந்த மாதிரி சிறப்பாக அமையவில்லை. கசாப்புக் கடைத் தட்டைப் போலச் சப்பையாக இருந்தது.

கமிட்டி எல்லா மாதிரிகளையும் பார்த்தது. எதுவும் முழுத் திருப்தி தரவில்லை என்று முடிவு செய்தது. வுட்ஹேவ் தம் படகைச் செம்புத் தகட்டால் கட்ட வேண்டும் என்று சொன்னது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவருடைய யோசனையில் சரக்கு இருக்கிறது என்பது புரிந்தது. ஆகவே பரிசில் பாதி, அதாவது ஒரு கினி, அவருக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

வுட்ஹேவுக்குக் கோபம் வந்தது. யோசனை நல்லது என்றால் முழுப் பரிசைத் தர வேண்டும். நல்லதல்ல என்றால் ஒரு காசும் தரக் கூடாது. இதென்ன பாதி? ஒரு கினியை மறுத்துவிட்டு அவர் வெளியேறினார். ஒரு கினியை உதறித் தள்ளும் நிலையில் அவர் குடும்பம் இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் போன பிறகு, பேர்ல்ஸும் ராக்வுட்டும் போட்டிக்கு வந்த மாதிரிகளிலிருந்து பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு களிமண்ணால் ஒரு மாதிரி பிடித்தார்கள். அதைப் பார்த்துப் படகு கட்டும் வேலையைக் கிரேட்ஹெட்டிடம் ஒப்படைத்தார்கள். படகின் அடிக்கட்டையை வில் போல வளைத்துக் கட்டலாம் என்பது கிரேட்ஹெட்டின் யோசனை.

"ஒரிஜினல்" கடலில் இறங்கியது

புதிய படகுக்கு "ஒரிஜினல்" என்று பெயர். நீளம் 30 அடி. அகலம் 10 அடி. இரண்டு முனைகளும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமும் போகலாம். அலை நடுவே திருப்ப வேண்டியதில்லை. பக்கவாட்டில் சுற்றிலும் தக்கை. தக்கையின் எடை மட்டும் சுமார் 350 கிலோ. ஆனால் தானே நிமிரும் அமைப்பு அதில் இல்லை. வுட்ஹேவின் மூன்று யோசனைகளில் மூன்றாவது விடுபட்டுப்போயிற்று.

1790-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஒரிஜினல் முதல் முறையாக உயிர்களைக் காப்பாற்றப் புறப்பட்டது. எந்த மணல்திட்டைக் கண்டு படகுக்காரர்கள் கலங்கி நின்றார்களோ, அங்கேயே போய் ஆட்களைக் கரை சேர்த்தது. படகுக்குள் நீர் நிரம்பியும் அது மூழ்கவில்லை. அது முதல் 40 ஆண்டுகள் உழைத்தது. பல நூறு பேரைக் காப்பாற்றியது. கடைசியில் 1830-ல் பாறையில் மோதி உடைந்தது.

கிரேட்ஹெட்டின் புகழ் நாடெங்கும் பரவியது. பல துறைமுகங்கள் அவரிடம் படகு கேட்டன. 31 படகுகள் கட்டினார். அவற்றில் ஒன்றான "ஜெட்லண்ட்", 1802-ல் ரெட்கார் என்ற ஊருக்குப் போனது. 500-க்கு மேற்பட்டவர்களின் உயிரைக் காத்தது. இன்றும் அந்த ஊரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உலகில் மிஞ்சியிருக்கும் உயிர் காக்கும் படகுகளில் மிகப் பழையது அதுதான்.

1802-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுன் வெகுமதி அளித்தது. வேறு சங்கங்களும் பணமும் பதக்கமும் தந்தன.

வுட்ஹேவுக்கு ஒன்றும் இல்லை.

கிரேட்ஹெட்டைத் திருடர் என்று சொல்லிவிட முடியாது. கடலில் உண்மையாகப் போய் வந்த படகைக் கட்டியவர் அவர். தகரப் பொம்மையால் யாரையும் காப்பாற்ற முடியாது அல்லவா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் இருவருக்கும் முன்னரே, லண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த லயனல் லூக்கின் என்பவர், காற்றறைகளும் தக்கையும் வைத்து மூழ்காத படகு செய்து, 1785-ல் அதற்குப் பேடெண்டு உரிமையும் வாங்கியிருந்தார். ஆக, மூழ்காத படகு ஒருவர் மூளையில் மட்டும் உதித்தது அல்ல. ஆனால் கவிழ்ந்த படகு தானே எழ வேண்டும் என்று நினைத்து அதைச் செய்தும் காட்டியவர் வுட்ஹேவ். அந்த யோசனைக்குத்தான் அரைப் பரிசு என்றார்கள்.

ஏழையாகவே இறந்தார்

வுட்ஹேவ் பழையபடி வர்ணம் அடித்தார். தேவாலயத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். கிரேட்ஹெட்டுக்குப் புகழும் பணமும் சேர்ந்ததை அதே ஊரில் இருந்துகொண்டே பார்த்தார். வறுமை அவரை விடவில்லை. 1821-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, 70-வது வயதில் காலமானார். தாம் வேலை பார்த்த செயிண்ட் ஹில்டா தேவாலயத்தின் மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கல்லறையில் உயிர் காக்கும் படகின் உருவத்தை அமைத்தார்கள். அந்தப் படகைக் கண்டுபிடித்தவர் அவரே என்றும், அதனால் அவர் பொன்னும் பொருளும் அடையவில்லை என்றும் கல்லில் எழுதிவைத்தார்கள்.

இருபது பேர் சாவு

ஆண்டுகள் உருண்டன. 1849-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. அதே ஹெர்டு மணல்திட்டு. "பெட்ஸி" என்ற கப்பல் மாட்டிக்கொண்டது. "பிராவிடன்ஸ்" என்ற உயிர் காக்கும் படகில் 24 பேர் ஏறிப் புறப்பட்டார்கள். எல்லோரும் டைன் ஆற்றுக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகள். தேர்ந்த கடலோடிகள்.

கப்பலின் அருகே போனதும் ஒரு பெரிய அலை படகின் முனையைத் தூக்கியது. படகு கவிழ்ந்தது. தக்கை இருந்ததால் மூழ்கவில்லை. ஆனால் நிமிரவும் இல்லை, குப்புறவே கிடந்தது. படகில் போன 24 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு அழுகுரல் கேட்கும்படி ஆயிற்று என்றால் மிகையாகாது. எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்.

படகு குப்புறக் கிடக்காது என்று வுட்ஹேவ் சொன்னதும் அதே ஊரில்தான். சொல்லி 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் செய்தி நாட்டை உலுக்கியது. நார்தம்பர்லண்டு பிரபு, சிறந்த உயிர் காக்கும் படகுக்கு 100 கினி பரிசு என்று அறிவித்தார். இம்முறை 2 கினி அல்ல! 280 மாதிரிகள் வந்து குவிந்தன. 1851-ல் பரிசு கிரேட் யார்மத் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பீச்சிங் என்ற படகு கட்டுபவருக்குக் கிடைத்தது. அவர் படகின் இரு முனைகளும் உயர்ந்திருந்தன. அவற்றில் காற்றுப்பெட்டிகள் இருந்தன. அடியில் இரும்புக் கட்டை கனம் கொடுத்தது. கவிழ்த்தால் தானே நிமிர்ந்தது.

பிறகு ஜேம்ஸ் பீக் என்பவர் அதைத் திருத்தி அமைத்தார். இங்கிலாந்தின் கரையெங்கும் தானே நிமிரும் படகுகள் வந்தன. அவற்றிலும் குறை இருந்தது. தானே நிமிர வேண்டும் என்பதற்காக அகலத்தைக் குறைத்ததால், அகலப் படகைவிடச் சுலபமாகக் கவிழ்ந்தன. சில ஊர் மாலுமிகள் கவிழ்ந்து எழும் படகு எங்களுக்கு வேண்டாம், கவிழாத அகலப் படகே போதும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். இந்த வாக்குவாதம் வெகுகாலம் நீடித்தது. இன்று இங்கிலாந்துக் கரையில் புயலில் போகும் பெரிய மீட்புப் படகுகள் எஞ்சினில் ஓடுகின்றன. கவிழ்ந்தால் சில விநாடிகளில் நிமிர்ந்துவிடுகின்றன. தக்கை போய்விட்டது. நீர் புகாத அறைகள் இருக்கின்றன.

சவுத் ஷீல்ட்ஸ் மக்கள் 1890-ல் கடற்கரைச் சாலையில் ஒரு மணிக்கூண்டு கட்டினார்கள். வுட்ஹேவ், கிரேட்ஹெட் இருவருக்கும் சேர்த்து ஒரே ஞாபகச் சின்னம் அது. பக்கத்தில் ஒரு பந்தலின் கீழ் "டைன்" என்ற பழைய படகை வைத்திருக்கிறார்கள். 1833-ல் கட்டிய படகு. வுட்ஹேவ் தம் கையால் செய்த தகரப் படகும் அந்த ஊர்க் காட்சிசாலையில் இருக்கிறது.